மின்னேற மறுக்கும் கைத்தொலைபேசி

மனிதன் தன் வசதிக்காக ஆக்கிக்கொண்ட கருவிகளுள் கைத்தொலைபேசியைப் போல் இரவும் பகலும் அவனை ஒட்டியே இருப்பது பிறிதொன்றில்லை. கடல் கடந்து உழைக்கும் மகனின் குரல் தாய்க்குக் கேட்பதும், மீன்பிடிக்கச் செல்வோர் காற்றின் நிலையை அறிவதும், வங்கிக் கணக்கைப் பார்ப்பதும், நோயாளிக்கு வண்டி அழைப்பதும் இன்று அதனாலேயே நடைபெறுகின்றன. இத்தகைய கருவி ஒரு மாலைப்பொழுதில் மின்னேற மறுத்துவிட்டால் வீட்டிற் பெரும் பரபரப்பு எழுகின்றது. ஒருவர் வடத்தை முறுக்கிப் பார்க்கின்றார். மற்றொருவர் ஊசியை எடுத்துத் துவாரத்திற் குத்துகின்றார். வேறொருவர் அயல்வீட்டுச் சார்ஜரை இரவல் வாங்கிச் செருகுகின்றார். குற்றம் எங்கே உள்ளது என்பதை மட்டும் எவரும் ஆராய்வதில்லை.

மின்னேறாமைக்குக் காரணம் பெரும்பாலும் சிறியதாகவே இருக்கும். அதை வீட்டிலேயே கண்டறிந்து நீக்கிவிடலாம். ஆயினும் அவ்வாறு செய்வதற்கு ஓர் ஒழுங்கும் ஓர் எல்லையும் உண்டு. ஒழுங்காவது, சுவரிலிருந்து தொடங்கிக் கருவியை நோக்கிப் படிப்படியாகச் செல்லுதலும், ஒரு வேளையில் ஒன்றையே மாற்றிப் பார்த்தலுமாம். எல்லையாவது, பற்றரி என்று நாம் வழங்கும் மின்கலத்தின் உறையாகும். அவ்வுறையளவில் வீட்டாருடைய கை நின்றுவிடல் வேண்டும். இவ்விரண்டும் ஏன் வேண்டப்படுகின்றன என்பதை விளங்கிக்கொள்ள, மின்சாரம் செல்லும் வழியை முதலில் அறிதல் நன்று.

இலங்கையின் வீடுகளுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ற்று அழுத்தமுடையது. செக்கனுக்கு 50 சுற்றுகளாகத் திசை மாறி மாறி ஓடுவது. கைத்தொலைபேசிக்கு வேண்டியதோ சில வோல்ற்று அழுத்தத்தில் ஒரே திசையில் ஓடும் நேர்மின்னோட்டம். சுவரிற் செருகப்படும் சார்ஜர், அதாவது மின்னேற்றி, இந்த மாற்றத்தைச் செய்து கொடுக்கின்றது. சாதாரண மின்னேற்றி 5 வோல்ற்று வழங்கும். விரைவாக மின்னேற்றுபவை 9 வோல்ற்றும் அதற்கு மேலும் வழங்கும். ஆனால் தொலைபேசி கேட்ட பின்னரே அவ்வாறு வழங்கும். வடத்திலுள்ள மெல்லிய கம்பிகளுட் சில மின்னோட்டத்தையும், வேறு சில இருபுறத்துச் செய்தியையும் சுமந்து செல்கின்றன. தொலைபேசியினுள்ளே இருக்கும் ஒரு சிறு கட்டுப்பாட்டுச் சில்லு, கலத்தின் வெப்பத்தையும் அழுத்தத்தையும் அளந்து, எவ்வளவு மின்னை உள்ளே விடுவது என்று தீர்மானிக்கின்றது. ஆகவே சுவர், மின்னேற்றி, வடம், செருகுவாய், கட்டுப்பாட்டுச் சில்லு, கலம் என ஆறு நிலைகளைக் கடந்தே மின்னேற்றம் நிகழ்கின்றது. இவற்றுள் எந்த ஒன்று பிழைத்தாலும் திரையில் தோன்றும் அடையாளம் ஒன்றே. அதனாலேதான் ஊகம் பயன்படுவதில்லை. ஒழுங்கான ஆராய்ச்சி பயன்படுகின்றது.

ஆறாவது நிலையாகிய கலத்தைப் பற்றிச் சிறிது கூறல் வேண்டும். இன்றைய தொலைபேசிகளில் உள்ளது இலிதியம் அயன் கலம். 1970ஆம் ஆண்டுகளில் ஸ்டான்லி விற்றிங்காம் இலிதியக் கலத்துக்கு அடிகோலினார். 1980இல் ஜோன் குடினஃப் கோபாற்று ஒட்சைட்டை நேர்மின்வாயாகப் பயன்படுத்தும் முறையைக் கண்டார். 1985இல் சப்பானியராகிய அக்கிரா யொசினோ, எளிதில் தீப்பற்றக்கூடிய இலிதிய உலோகத்தை நீக்கி, அதனிடத்தில் ஒருவகைக் கரிப்பொருளை வைத்தார். 1991இல் சோனி நிறுவனம் இக்கலத்தைச் சந்தைக்குக் கொணர்ந்தது. இம்மூவருக்கும் 2019இல் இரசாயனத்துக்கான நோபெல் பரிசு வழங்கப்பட்டது. இன்று அக்கரிப்பொருளாகப் பெரும்பாலும் பயன்படுவது காரீயம். போகல, கஹட்டகஹ சுரங்கங்களில் இலங்கையர் தலைமுறை தலைமுறையாக அகழ்ந்தெடுத்த பொருளும் இதுவே.

கலத்தினுள் நேர்மின்வாயும் எதிர்மின்வாயும் மெல்லிய தகடுகளாகச் சுருட்டியோ அடுக்கியோ வைக்கப்பட்டுள்ளன. இரண்டையும் பிரித்து நிற்பது தலைமயிரிலும் மெல்லியதான ஒரு பிளாத்திக்குத் திரை. எங்கும் ஊறி நிற்பது எளிதில் தீப்பற்றும் ஒரு திரவம். திரை கிழிந்தால் இரு மின்வாய்களும் ஒன்றையொன்று தொடும். தொட்ட இடம் கொதிக்கும். அவ்வெப்பம் அயலிலுள்ள பகுதியையும் கெடுக்கும். அதனால் மேலும் வெப்பம் பிறக்கும். இவ்வாறு தானே தன்னை வளர்த்துக்கொள்ளும் வெப்பத்தை இடையில் நிறுத்துவது அரிது.

இது வெறும் அச்சுறுத்தலன்று. 2016ஆம் ஆண்டு ஓகஸ்டு மாதத்தில் சாம்சுங் நிறுவனம் கலக்சி நோட் 7 என்னும் தொலைபேசியை வெளியிட்டது. சில நாட்களிலேயே பல இடங்களில் அது தீப்பற்றியது. செப்டெம்பர் மாதத்தில் ஏறக்குறைய 25 இலட்சம் தொலைபேசிகளைத் திரும்பப் பெறுவதாக நிறுவனம் அறிவித்தது. மாற்றாகக் கொடுக்கப்பட்டவையும் எரிந்தமையால், ஒக்டோபரில் அதன் உற்பத்தியே நிறுத்தப்பட்டது. 2017 சனவரியில் வெளியான ஆராய்ச்சி முடிபு சிந்திக்கத்தக்கது. ஒரு வகைக் கலத்தில், உறையின் மூலையிற் போதிய இடமின்மையால் எதிர்மின்வாய் சிறிது வளைந்திருந்தது. மற்றொரு வகையில், பற்றாசு வைத்த இடத்திற் கூரிய உலோக முனைகள் எழுந்து நின்றன. தேர்ந்த பொறியியலாளர் நிறைந்த தொழிற்சாலையில் நேர்ந்த இத்துணைச் சிறு வளைவும் இத்துணைச் சிறு முனையும் தீயை மூட்டப் போதியனவாயின. அவ்வாறாயின், வீட்டு மேசையில் கத்தியாலும் திருகாணிச் சாவியாலும் கலத்தை நெம்புவோன் எத்துணை ஆபத்தை விலைக்கு வாங்குகின்றான் என்பதைச் சொல்லவேண்டுவதில்லை.

இனி, ஆராயும் முறையைப் பார்ப்போம்.

முதலிற் பார்க்கவேண்டியது சுவர்க்குதை. அதில் மின்சாரம் உண்டா என்பதை வேறொரு விளக்கையோ வானொலியையோ செருகி அறியலாம். இலங்கை வீடுகளிற் பழைய வட்டமுனைக் குதைகளும் புதிய சதுரமுனைக் குதைகளும் கலந்து காணப்படுகின்றன. சதுரமுனைக் குதையின் மேல்துவாரத்திற் பேனாவையோ குச்சியையோ நுழைத்து, உள்ளிருக்கும் மூடியைத் திறந்து, இருமுனைச் செருகியைத் திணிக்கும் வழக்கம் பலரிடம் உண்டு. அம்மூடி குழந்தையின் விரல் மின்சாரத்தைத் தொடாதபடி காக்க வைக்கப்பட்டது. அதைத் திறந்து திணித்த செருகி இறுகப் பொருந்துவதுமில்லை. தளர்ந்த பொருத்தில் மின்பொறி பறக்கும், பிளாத்திக்கு கருகும், மின்னேற்றமும் விட்டு விட்டு நிகழும். தக்க மாற்றுச்செருகி ஒன்றை வாங்கிக்கொள்வதே முறை. குதையைச் சுற்றிக் கருமை படர்ந்திருந்தாலோ, சரசரவென்று ஒலி கேட்டாலோ, தொலைபேசியை மறந்துவிட்டு மின்தொழிலாளரை அழைத்தல் வேண்டும்.

இரண்டாவது, மின்னேற்றி. சுவர்க்குதை நன்றாயிருப்பின், அதே வடத்தையும் அதே தொலைபேசியையும் வைத்துக்கொண்டு, நல்லதென்று தெரிந்த வேறொரு மின்னேற்றியை மட்டும் மாற்றிப் பார்த்தல் வேண்டும். மின்னேறினால் குற்றம் பழைய மின்னேற்றியினது. மின்னேற்றி வேலை செய்கையிற் கை பொறுக்கும் அளவிற்குச் சூடாவது இயல்பு. கை வைக்க இயலாத சூடும், கருகிய மணமும், வெடித்த உறையும் அதனை வீசிவிட வேண்டிய அடையாளங்கள்.

மலிவான போலி மின்னேற்றிகளைப் பற்றி இங்கே தனியே கூறவேண்டியுள்ளது. 230 வோல்ற்று ஓடும் பகுதிக்கும் தொலைபேசியைத் தொடும் பகுதிக்கும் இடையே நல்ல மின்னேற்றியில் உறுதியான காவலிடைவெளி உண்டு. போலியிலே அது பெயரளவிலேயே இருக்கும். 2016ஆம் ஆண்டில் யூ.எல். என்னும் பாதுகாப்புச் சோதனை நிறுவனம், ஆப்பிள் நிறுவனத்தின் மின்னேற்றிகளைப் போலச் செய்யப்பட்ட 400 போலிகளைச் சோதித்தது. அவற்றுள் மூன்றே சோதனையிற் தேறின. பன்னிரண்டு, தொடுவோர் உயிரையே மாய்க்கக்கூடிய அளவுக்குத் தவறான அமைப்புடையனவாயிருந்தன. சில நூறு ரூபாவை மீதப்படுத்த வாங்கும் பொருள், ஈரக்கையுடன் தொலைபேசியைத் தொடும் பிள்ளையின் உடலுக்கும் சுவரிலுள்ள மின்சாரத்துக்கும் இடையே நிற்கும் ஒரே காவல் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

மற்றொரு மயக்கத்தையும் நீக்குதல் நன்று. வலிமை மிக்க மின்னேற்றியைச் செருகினால் அது மின்சாரத்தை வலிந்து திணித்துத் தொலைபேசியைக் கெடுத்துவிடும் என்று சிலர் அஞ்சுகின்றனர். அமைப்புச் சரியான மின்னேற்றி அவ்வாறு செய்யாது. தொலைபேசி எவ்வளவு கேட்கின்றதோ அவ்வளவையே அது கொடுக்கும். 10 வாற்று ஏற்கும் தொலைபேசிக்கு 65 வாற்று மின்னேற்றியாற் கேடில்லை, விரைவும் மிகுவதில்லை. மாறாக, கணினியின் பழைய பக்கத் துவாரம் 5 வோல்ற்றில் அரை அம்பியர், அதாவது இரண்டரை வாற்று மட்டுமே தரும். திரையை ஒளிரவிட்டுக்கொண்டு அதிற் செருகினால், ஏறுவதினும் செலவாவதே மிகுதியாய்விடும். இதனைப் பழுதெனக் கொள்ளலாகாது.

மூன்றாவது, வடம். உண்மையில் மிகுதியாகக் கெடுவது இதுவே. பையினுள் மடிந்தும், படுக்கையில் நசிந்தும், கதிரைக் காலின்கீழ் அகப்பட்டும் அதன் கழுத்துப் பகுதியில் உள்ளிருக்கும் கம்பிகள் ஒவ்வொன்றாக அறுகின்றன. வெளியே ஒன்றும் தெரியாது. ஒரு குறிப்பிட்ட கோணத்தில் வளைத்துப் பிடித்தால் மட்டும் மின்னேறும் வடம் அறுந்துகொண்டிருக்கும் வடமேயாகும். எஞ்சிய ஓரிரு இழைகளே முழு மின்னோட்டத்தையும் சுமப்பதால் அவ்விடம் சூடேறுகின்றது. அதன்மேல் ஒட்டுநாடா சுற்றுவது குற்றத்தை மறைக்குமேயன்றி மாற்றாது. செருகும் முனையிற் பொன்னிறத் தகடுகள் கறுத்திருந்தாலும் அவ்வடத்தை விட்டுவிடல் வேண்டும். கறுத்த முனை புதிய தொலைபேசியின் வாயையும் கெடுக்கும்.

நான்காவது, தொலைபேசியின் அடியிலுள்ள செருகுவாய். சட்டைப்பையின் பஞ்சும் வீதியின் தூசியும் அதனுள் நாள்தோறும் சேர்கின்றன. வடத்தைச் செருகும்போதெல்லாம் அவை உட்புறமாக அழுத்தப்பட்டுக் கெட்டியான அடையாகிவிடுகின்றன. வடம் முழுவதும் உள்ளே போகாமல் சிறிது துருத்திக்கொண்டு நின்றால், அல்லது இலேசாகத் தொட்டவுடன் கழன்றால், காரணம் பெரும்பாலும் இதுவே. தொலைபேசியை முற்றாக நிறுத்திவிட்டு, நல்ல வெளிச்சத்திற் பார்த்து, உலர்ந்த மெல்லிய மரப் பற்குச்சியினால் ஓரத்தை மெதுவாக வருடி அடையை வெளியே இழுக்கலாம். ஊசி, குண்டூசி, திருகாணிச் சாவி ஆகியன கூடா. இன்று பெரும்பாலான தொலைபேசிகளில் உள்ள சி வகை வாயில் 24 தொடுமுனைகள் மிக நெருக்கமாக அமைந்துள்ளன. உலோக முனை ஒன்று அவற்றில் இரண்டை இணைத்தாலும், ஒன்றை வளைத்தாலும் சிறு குற்றம் பெருங்குற்றமாகிவிடும். வாயால் ஊதுவதும் தவறு. மூச்சுடன் ஈரமும் உள்ளே செல்கின்றது.

ஈரம் என்றவுடன் மழையும் வெள்ளமும் கடற்காற்றும் நினைவுக்கு வருகின்றன. நனைந்த வாயில் மின்சாரம் பாயும்போது தொடுமுனைகள் விரைவில் அரிக்கப்படுகின்றன. உப்புநீராயின் அவ்வரிப்பு மேலும் கடுமையாகும். ஆதலின் பல தொலைபேசிகள் வாயில் ஈரம் இருப்பதைத் தாமே அறிந்து, திரையில் எச்சரிக்கை காட்டி, மின்னை ஏற்க மறுக்கின்றன. அம்மறுப்பு பழுதன்று, பாதுகாப்பு. வடத்தைக் கழற்றி, வாய் கீழ்நோக்குமாறு பிடித்து உள்ளங்கையில் மெதுவாகத் தட்டி, காற்றோட்டமான இடத்தில் வைத்து, அரைமணி நேரமேனும் பொறுத்தல் வேண்டும். முற்றாக உலர ஒரு நாள் வரையிற் செல்லவுங்கூடும். அரிசிக்குள் புதைத்து வைக்கும் வழக்கம் பயனற்றது மட்டுமன்று. அரிசியின் துகள்கள் உள்ளே புகுந்து கேடு செய்யலாம் என ஆப்பிள் நிறுவனம் தன் அறிவுரையில் வெளிப்படையாகவே விலக்கியுள்ளது. தலைமயிர் உலர்த்தும் கருவியின் வெப்பக்காற்றும், அடுப்பங்கரைச் சூடும் அவ்வாறே விலக்கத்தக்கன.

ஐந்தாவது, தொலைபேசியின் கட்டுப்பாடு. முழுவதும் வற்றிப்போன தொலைபேசி, செருகியவுடன் உயிர்பெறுவதில்லை. வற்றிய கலத்தை முதலிற் சிறு மின்னோட்டத்தாலேயே எழுப்பவேண்டியிருத்தலின், திரை பல நிமிடங்களுக்கு இருண்டே கிடக்கலாம். அரைமணி நேரம் தொடாமல் விட்டுப் பார்த்தபின்னரே முடிவு கூறல் வேண்டும். சில வேளைகளில் நிறுத்தித் திரும்ப இயக்கினாலே குறை நீங்கிவிடும். 80 வீதத்தில் மின்னேற்றம் நின்றுவிடுகின்றது என்று பலர் முறையிடுகின்றனர். கலத்தின் ஆயுளை நீடிப்பதற்காகத் தொலைபேசி தானே செய்யும் ஏற்பாடு அது. அமைப்புப் பகுதியிற் பார்த்தால் விளங்கும். வெப்பமும் ஒரு காரணமாகும். வெயிலில் நிறுத்திய வாகனத்தினுள்ளோ, தலையணையின் கீழோ கிடந்த தொலைபேசி, சூடு தணியும்வரை மின்னேற்றத்தைக் குறைக்கும் அல்லது நிறுத்திவிடும். உறையைக் கழற்றி, நிழலிலே வைத்தல் போதும். குளிர்பெட்டிக்குள் வைத்துக் குளிரூட்டுவது பெருந்தவறு. உட்புறத்தில் நீர்த்துளி படியும். அதிகக் குளிரில் மின்னேற்றுவதாற் கலமும் கெடும்.

இவ்வைந்தும் சரியாயிருந்தும் தொலைபேசி மின்னேற மறுத்தால், அல்லது ஏறிய மின் சிறிது நேரத்திலே வற்றினால், எஞ்சியிருப்பது கலமே. சில நூறு தடவை ஏறி இறங்கிய கலம் முதுமை எய்துதல் இயற்கை. முதுமை வேறு, நோய் வேறு. தொலைபேசியின் முதுகு புடைத்திருத்தல், திரை விளிம்பில் விலகி எழுதல், மேசையில் வைத்தால் ஆடுதல், இனிப்புக் கலந்த மருந்து போன்ற மணம் வீசுதல், பயன்படுத்தாதபோதும் சூடாயிருத்தல் ஆகியன நோயின் அறிகுறிகள். உள்ளே வாயு திரண்டு கலத்தின் உறையை உப்பச் செய்துள்ளது என்பது இவற்றின் பொருள்.

தொடக்கத்திற் கூறிய எல்லை இங்கேதான் வருகின்றது. புடைத்த கலத்தை அமுக்கலாகாது. துளைத்து வாயுவை வெளியேற்ற முயலலாகாது. மூடியை நெம்பித் திறக்கலாகாது. இன்னும் ஒரு முறை ஏற்றிப் பார்ப்போம் என்றும் எண்ணலாகாது. மின்தொடர்பை நீக்கி, தொலைபேசியை நிறுத்தி, துணியும் தாளும் மரமும் அண்டாத சீமெந்துத் தரையில் வைத்து, பழுதுபார்க்கும் தகுதியுடைய நிலையத்துக்கு விரைவிற் சேர்ப்பித்தல் வேண்டும். கழற்றிய பழைய கலத்தைக் குப்பைக் கூடையில் இடுவதும் ஆபத்தே. குப்பை வண்டியில் நசுங்கினால் அங்கேயே தீ பிறக்கும். மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதி பெற்ற இலத்திரனியற் கழிவு சேகரிப்போரிடம் அதனை ஒப்படைத்தலே தக்கது.

அன்றாட வழக்கங்களில் இரண்டு திருத்தங்கள் உயிரைக் காக்கவல்லன. ஒன்று, மெத்தையிலும் தலையணையின் கீழும் வைத்து மின்னேற்றுவதை விடுதல். மெத்தை வெப்பத்தை வெளியே விடாது. தீப்பற்றினால் அதற்கு உணவாகும். அருகிலே உறங்குவோர் பெரும்பாலும் பிள்ளைகள். மேசைமேல், திறந்த இடத்தில், விழித்திருக்கும் வேளையில் மின்னேற்றுதல் சிறந்தது. மற்றொன்று, மார்ச், ஏப்ரல் மாதங்களிலும், ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகலில் இடி மின்னல் மிகும் இந்நாட்டில், முழக்கம் கேட்பதற்கு முன்னரே மின்னேற்றியைச் சுவரிலிருந்து கழற்றிவிடுதல். கம்பி வழியே பாயும் மின்னலின் வேகம் தொலைபேசியையும் அதைப் பிடித்திருக்கும் கையையும் தாக்கக்கூடும்.

எவ்வளவு காத்தும் தீ நேர்ந்துவிட்டால், கலத்திலிருந்து எழும் புகை நச்சுத்தன்மை உடையது என்பதை முதலில் நினைத்தல் வேண்டும். அணுகக்கூடிய நிலையாயின் முதன்மை ஆளியை நிறுத்தி மின்சாரத்தைத் துண்டிக்கலாம். அதன்பின், தீ சிறிதாயின், எட்ட நின்று நிறைய நீர் ஊற்றிக் கலத்தைக் குளிரச் செய்யலாம். அணைந்தது போலத் தோன்றியது மீண்டும் பற்றும் இயல்புடையதாகையால் அதைக் கையில் எடுக்கலாகாது. தீ பெரிதாயின் பொருளை விட்டு ஆட்களை வெளியேற்றி, 110 என்னும் எண்ணில் தீயணைப்புச் சேவையினரை அழைத்தல் வேண்டும்.

சுவரையும் மின்னேற்றியையும் வடத்தையும் செருகுவாயையும் நிதானத்துடன் ஒவ்வொன்றாக ஆராய்வோர், பழுதென நினைத்த தொலைபேசிகளுட் பலவற்றைச் செலவின்றியே மீட்டுக்கொள்வர். மீளாதவற்றை அறிந்தோர் கையில் ஒப்படைப்பதும் திறமையின் ஒரு பகுதியே. கெட்டுப்போன வடத்துக்கு மாற்று வடம் கடைதோறும் உண்டு. எரிந்துபோன வீட்டுக்கும், அதனுள் உறங்கிய பிள்ளைக்கும் மாற்று இல்லை.